நாயுருவிக்குப் பதவி உயர்வு

ஒரே ஒரு செடிக்காக ஒரு நிறுவனம் நடக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். தில்லிக்காரர்கள் உடனே நம்பிவிடுவார்கள். குவார்ட்டர்ஸ் உண்டா என்று மட்டும் கேட்பார்கள்.

செடியின் பெயர் திரிலோகியா. முழங்கால் உயரம் இருக்கும். பூக்கும் என்று சொல்கிறார்கள். குனிந்து பார்த்தால் ஒப்புக்கொள்ளலாம். டாக்டர் திரிலோக்நாத் என்ற தாவரவியல் அறிஞர் தில்லியின் ரிட்ஜ் காட்டில் காலை நடை போனபோது அதில் தடுக்கி விழுந்தார். எழுந்து தூசி தட்டிக்கொண்டு பார்த்தவருக்கு, இப்படியொரு செடியைத் தான் கண்டதில்லை என்று தோன்றியது. தான் கண்டிராத செடி வேறு எதற்கும் சொந்தமாக இருக்க முடியாது என்று அங்கேயே முடிவுசெய்தார். அதை எந்தத் தாவரக் குடும்பத்திலும் சேர்க்காமல், தனியாக ஒரு குடும்பத்தையே உண்டாக்கித் தன் பெயரை வைத்துவிட்டார். குடும்பத்தில் உறுப்பினர் அந்தச் செடி மட்டும்தான்.

அந்த ஒற்றை உறுப்பினரைக் காப்பதற்காகத் தேசிய மலர்த்தாவர வம்சாவளி நிறுவனம் பிறந்தது. டைரக்டர், துணை டைரக்டர்கள், விருந்தினர் மாளிகை, கேன்டீன், கேன்டீன் குறைதீர்ப்புக் குழு எல்லாம் வந்தன. செடியைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஸ்தாபகர் தினத்தன்று செடிக்குச் செண்டுமல்லி மாலை போடுவார்கள். மாலை செடியைவிடக் கனம். செடி மண்ணில் படுத்துவிடும். அதைப் பார்த்து டைரக்டர், நமது திரிலோகியா எவ்வளவு அடக்கமாகத் தலைவணங்குகிறது பாருங்கள் என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள்.

இந்த இடத்துக்குத்தான் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து அம்சவேணி ஆராய்ச்சி உதவியாளராக வந்து சேர்ந்தாள். மதுரையில் முனைவர் பட்டம் வாங்கியவள். உயிரணுவின் உட்கருவில் உள்ள மரபணுக்களைப் படித்துப் பூக்கும் செடிகளின் உறவுமுறையைக் கண்டுபிடிப்பது அவளுடைய வேலை. தில்லியின் முனிர்கா பகுதியில் நாலாவது மாடியில், ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சுஜாதா என்ற பெண்ணோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தாள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சமையலறை இருக்கும். கையை நீட்டினால் பருப்பைக் கிளறிவிடலாம்.

நிறுவனத்தில் அவளுக்கு மேலே இருந்தவர் மூத்த விஞ்ஞானி சேஷன். கும்பகோணத்துக்காரர். மோதி பாக் குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு இருந்தார். அவர் மனைவி உஷாராணி மாதம் ஒருமுறை அம்சவேணிக்குச் சாம்பார்ப்பொடி கொடுத்தனுப்புவாள். தீபாவளிக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவாள். சேஷன் அவளை அம்சா என்றுதான் கூப்பிடுவார். "இந்த ஊர்ல நமக்கு நாமதாம்மா. எது வந்தாலும் நான் இருக்கேன்," என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். ஊரை விட்டு வந்த பெண்ணுக்கு அந்த வாக்கியம் ஒரு பெரிய தைரியம். அவள் அதை நம்பினாள். சிவகாசியில் ஒரு கல்லூரியிலிருந்து நிரந்தர வேலை வந்தபோது, சேஷன் போக வேண்டாம் என்றார். இந்த ஆராய்ச்சிக் கட்டுரை அவள் பெயரில் வெளிவந்தால் நிறுவனத்திலேயே விஞ்ஞானி பதவி நிச்சயம், அதற்குத் தான் பொறுப்பு என்றார். அம்சவேணி சிவகாசிக்கு நன்றி சொல்லி மறுத்து எழுதிவிட்டாள். அவளுடைய அப்பா, உன் இஷ்டம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஆராய்ச்சிக்கு ஓர் இலை வேண்டும் என்று அவள் கேட்டதும் நிறுவனம் கலங்கிப்போனது. அதுவரை அங்கே யாரும் செடியைக் கேட்டதில்லை. செடியைப் பற்றிய கருத்தரங்குக்குப் பயணப்படிதான் கேட்டிருக்கிறார்கள். உடனே இலை வழங்கு குழு என்று ஒன்றை அமைத்தார்கள். மேல் இலையா கீழ் இலையா, பறித்தபின் செடி வருந்தினால் யார் பொறுப்பு, ஆராய்ச்சி முடிந்ததும் இலையை நல்ல நிலையில் திருப்பித் தருவாரா என்றெல்லாம் குழு கேட்டது. இலையை அரைக்க வேண்டும் என்று அவள் சொன்னதில் ஒரு மூத்த உறுப்பினருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அரைப்பது என்பதற்குப் பதிலாக, உரிய மரியாதையுடன் நுண்மையாக்கப்படும் என்று எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தந்தாள். ஒரு குளிர்காலம் வந்து போனது. பிறகு இலை வந்தது. உறையில் வைத்து, இலையின் நடுவிலேயே நிறுவனத்தின் வட்ட முத்திரையைக் குத்தி அனுப்பியிருந்தார்கள். அதிலிருந்து மையைத் தவிர வேறெதையும் பிரித்தெடுக்க முடியவில்லை.

வழி காட்டியவர் சேஷன்தான். அடுத்த ஸ்தாபகர் தினத்தில் மாலையைக் கழற்றியபோது செண்டுமல்லியோடு சேர்ந்து நாலைந்து இலைகளும் பிய்ந்து வந்தன. அவர் யாரும் பார்க்காமல் அவற்றைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு வந்து அவளிடம் நீட்டினார். "இந்தாம்மா, பிரசாதம்," என்றார். இருவரும் சிரித்தார்கள். அந்த நிறுவனத்தில் அம்சவேணி மனம்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நிறுவனம் பிறப்பதற்கு முன்பே ஒருமுறை செடியின் டிஎன்ஏவைப் படித்திருந்தார்கள். ஆனால் இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்திலிருந்து எடுத்த டிஎன்ஏ அது. பசுங்கணிகம் பெரும்பாலான பூச்செடிகளில் தாய்வழியாக மட்டுமே வரும். தகப்பன் வழியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பரீட்சையில் திரிலோகியா எதனுடனும் ஒட்டாமல் தனியாக நின்றது. நிறுவனத்துக்கு அந்தப் பதில் பிடித்திருந்ததால் மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்கவில்லை. உட்கருவில் இருக்கும் மரபணுக்கள் அப்படியில்லை. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வருபவை. அவற்றில் நூற்றுக்கணக்கானவற்றை எடுத்துச் செடிக்குச் செடி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால், யாருக்கு யார் நெருக்கம் என்று ஒரு வம்சமரம் கிடைக்கும்.

அந்த மரத்துக்கு ஒரு வெளியாள் தேவை. அது அந்தத் தொழிலின் வழக்கம். ஆராயும் குடும்பத்தைச் சேராத, ஆனால் ரொம்பத் தூரமும் போய்விடாத ஒரு செடியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேஷன் இதை அழகாகச் சொல்வார். குடும்பத்துக்குள்ளேயே விசாரித்தால் ஆளாளுக்கு நான்தான் மூத்தவன் என்பார்கள், வெளியாள் ஒருவன் பக்கத்தில் நின்றால்தான் யார் முதலில் பிரிந்தது, யார் பிறகு வந்தது என்று தெரியும், மரத்தின் வேர் எங்கே என்று அவன்தான் காட்டுவான் என்பார். அம்சவேணி வெளியாளாகக் காகிதப்பூவை வைத்துக்கொண்டாள். நிறுவனத்தின் சுற்றுச்சுவருக்கு வெளியே அது காடாகப் பூத்துக் கிடந்தது. அதைப் பறிக்க எந்தக் குழுவும் தேவைப்படவில்லை.

முடிவு வந்தபோது அவள் இரண்டுமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். திரிலோகியா கீரைக் குடும்பத்துக்குள் உட்கார்ந்திருந்தது. ஓரமாகக்கூட இல்லை, நட்டநடுவில். தண்டுக்கீரை முன்பே பிரிந்துவிட்டது. கோழிக்கொண்டை அதற்கப்புறம். கடைசியாகப் பிரிந்த கிளையில் திரிலோகியாவும் நாயுருவியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தாய்வழியில் ஏதோ அழிந்துபோன பழைய வம்சத்தின் பசுங்கணிகம் வந்து சேர்ந்திருக்கிறது. மற்றபடி அது நாயுருவியின் உடன்பிறப்பு.

நாயுருவி தில்லியில் எங்கும் முளைக்கும். பஸ் ஸ்டாப்பில், சாக்கடை ஓரத்தில், அந்த நிறுவனத்தின் புல்வெளியில். நடந்து போனால் அதன் முள் கால்சட்டையில் வரிசையாக ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். அதைப் பிடுங்கிப் போடுவதற்கென்று நிறுவனம் தனியாக ஒரு கான்டிராக்டரை வைத்திருந்தது.

அம்சவேணிக்கு உடனே வந்தது சந்தோஷம் இல்லை, பயம். தன் துணியில் ஒட்டியிருந்த நாயுருவி முள்ளிலிருந்து டிஎன்ஏ கலந்திருக்குமோ என்று நினைத்தாள். சேஷனிடம் சொன்னாள். அவர் கூடவே நின்றார். புதிய கையுறை, வேறு அறை, வேறு இலை என்று மறுபடியும் முதலிலிருந்து செய்தார்கள். அதே பதில் வந்தது. இன்னொருமுறையும் செய்தார்கள். அப்போதும் அதே பதில்தான். சேஷன் திரையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். "கலப்படமே இல்லம்மா. சுத்தமான ரிசல்ட். நீ பெரிய காரியம் பண்ணிட்டே," என்றார். அவர் குரல் தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்பு பொய்யில்லை என்றே அம்சவேணி இன்றுவரை நினைக்கிறாள். அதனால்தான் அவளுக்கு வலி அதிகம்.

அன்று சுஜாதாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சுஜாதா அரசியல் சாசனப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்க சார் நல்லவரா, இல்ல நல்லாப் பேசறவரா?"

அம்சவேணிக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் சுஜாதாவோடு பேசவில்லை.

முடிவைக் கேள்விப்பட்டதும் டைரக்டர் டாக்டர் கோஸ்லா உயர்மட்டக் குழுவைக் கூட்டினார். குழுவுக்கு மாண்புக் காப்புக் குழு என்று பெயர். சுவரில் ஸ்தாபகரின் படம், அதற்குக் கீழே செடியின் படம், அதற்குக் கீழே டைரக்டர். அம்சவேணி வம்சமரத்தைத் திரையில் காட்டி விளக்கினாள். உட்கரு மரபணுக்கள் இரண்டு பெற்றோரிடமிருந்தும் வருவதால் நம்பகமானவை என்றாள். அறையில் சமோசா கடிக்கும் சத்தம் நின்றது.

டைரக்டர் கோஸ்லா எழுந்தார். பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் அவர் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நம் பண்பாட்டில் தாய்க்கு மேல் யார் இருக்கிறார்கள்? பசுங்கணிகம் தாய் கொடுத்தது. தாய் தெளிவாகச் சொல்லிவிட்டாள், என் பிள்ளைக்கு யாரும் உறவில்லை என்று. அதற்குப் பிறகும் தகப்பன் யார், தகப்பன் யார் என்று தோண்டிக்கொண்டு போவது எந்த நாகரிகம்? நான் முப்பது வருடமாக விஞ்ஞானி. ஒருநாளும் இப்படிப்பட்ட கேள்வியை நான் கேட்டதில்லை. எந்தக் கேள்வியையுமே கேட்டதில்லை. அதனால்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்."

பலமாகக் கைதட்டினார்கள்.

சட்ட ஆலோசகர் தனக்கு ஒரே ஒரு கவலைதான் என்றார். நாயுருவி உடன்பிறப்பு என்று ஒப்புக்கொண்டால் நாளைக்கு அது நிறுவனத்தின் நிலத்தில் பங்கு கேட்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஏற்கெனவே புல்வெளியை அது அனுபவித்துக்கொண்டு வருகிறது. அனுபவ பாத்தியதை என்பது லேசான விஷயமில்லை. நிதி அதிகாரி அதைவிடக் கலங்கியிருந்தார். இத்தனை வருடமாக நாயுருவியைப் பிடுங்கிய செலவெல்லாம் களையெடுப்பு என்ற தலைப்பில் போயிருக்கிறது. உறவு என்று ஆகிவிட்டால் அதை எந்தத் தலைப்பில் காட்டுவது, நலத்திட்டம் என்றா, கொலை என்றா என்று கேட்டார். ஒரு துணை டைரக்டர், கீரைக் குடும்பம் என்று வெளியே தெரிந்தால் காவலாளியே செடியைப் பொரியல் செய்துவிடும் ஆபத்து இருக்கிறது என்று பதிவுசெய்யச் சொன்னார். பதிவுசெய்தார்கள்.

அம்சவேணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் அவள் பயப்படவில்லை. மேஜைக்கு எதிர்ப்பக்கம் சேஷன் உட்கார்ந்திருந்தாரே.

டைரக்டர் அவரைப் பார்த்தார். இந்த ஆராய்ச்சி உங்கள் மேற்பார்வையில் நடந்தது, உங்கள் கருத்து என்ன என்று கேட்டார்.

சேஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில், நிதானமாக, நாயுருவி முள் எல்லோருடைய துணியிலும் ஒட்டும் தன்மை உடையது, மாதிரியில் கலப்படம் ஏற்பட்டிருக்கும் வாய்ப்பை மறுப்பதற்கில்லை என்றார். தவிர, இலை முறையான வழியில் பெறப்பட்டதா என்பதும் தனக்குத் தெரியாது என்றார்.

அம்சவேணி அவரையே பார்த்தாள். கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு வந்து பிரசாதம் என்று கொடுத்த அதே கைகள் மேஜைமேல் கோத்துக்கொண்டு இருந்தன. அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் வேலைக்கு ஆபத்து என்று அந்த நிமிஷத்திலும் அவளுக்குத் தோன்றியது. பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு தயவை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வராந்தாவில் அவர் வேகமாக வந்து பிடித்துக்கொண்டார். "கோச்சுக்காதேம்மா. அவர் அந்த மூட்ல இருக்கறச்சே எதுத்துப் பேசினா ரெண்டு பேர் கதையும் முடிஞ்சுடும். கோஸ்லா அடுத்த வருஷம் ரிட்டயர்டு. கொஞ்சம் பொறு. நான் இருக்கேனோல்லியோ?"

அவள் பொறுத்தாள். வேறு என்ன செய்வாள்? சிவகாசி வேலையில் வேறு யாரோ சேர்ந்து, வகுப்பும் எடுக்கத் தொடங்கியாயிற்று.

பொறுத்துக்கொண்டிருந்த காலத்தில் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. கலப்படத் தடுப்பு இயக்கம் தொடங்கியது. வாசலில் ஒரு பெரிய பிரஷ்ஷோடு ஆளை நிறுத்தி, வருகிறவர்களின் கால்சட்டை ஓரத்தைச் சோதித்தார்கள். துணியில் நாயுருவி முள்ளோடு பிடிபட்ட ஒரு கிளார்க், தான் உறவு கொண்டாடவில்லை, மோதி பாக்கிலிருந்து குறுக்கு வழியில் நடந்து வந்தேன் என்று விளக்கம் எழுதிக் கொடுத்தார். முழு வளாகமும் களையெடுக்கப்பட்டது. ஒரு மழை பெய்ததும் நாயுருவி முன்னைவிடச் செழிப்பாக வந்தது. அம்சவேணியின் கட்டுரை சேஷனின் மேஜையில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பார். சாம்பார்ப்பொடி மட்டும் மாதம் தவறாமல் வந்தது.

கோஸ்லா ஓய்வுபெற்றார். பிரிவுபசார விழாவில் அவருக்கே ஒரு மாலை போட்டார்கள். அவர் செடியைவிடத் தாக்குப்பிடித்தார். டைரக்டர் நாற்காலியில் சேஷன் உட்கார்ந்தார். அம்சவேணி முனிர்கா கடையில் அரைக் கிலோ லட்டு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இனிமேல் நம் ராஜ்யம்தான் என்றார்.

அந்தச் சமயம் பார்த்து வெளிநாட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஏதோ ஒரு பழைய அருங்காட்சியகத்தில், ஸ்தாபகர் எப்போதோ அனுப்பிவைத்த காய்ந்த திரிலோகியா ஒன்று இருந்திருக்கிறது. அங்கே ஒரு குழு அதன் உட்கரு மரபணுக்களைப் படித்துக்கொண்டிருக்கிறதாம். இது கீரைக் குடும்பமோ என்று சந்தேகமாக இருக்கிறது, உங்கள் நிறுவனம் என்ன நினைக்கிறது என்று பணிவாகக் கேட்டிருந்தார்கள். சேஷன் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். இனிமேல் மறைக்க முடியாது. அம்சவேணிக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். இனிமேல் அவள் கட்டுரையை வெளியிட்டுத்தானே ஆகவேண்டும்.

சுஜாதாவைக் கூப்பிட்டு, பார்த்தாயா, சார் சொன்ன மாதிரியே ஆகிறது என்று பெருமையடித்துக்கொண்டாள். சுஜாதா புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

பிப்ரவரி வந்தது. ஸ்தாபகர் தினத்துக்கு முதல்நாள், அவளுடைய ஒப்பந்தம் மாத முடிவோடு நிறைவடைகிறது என்று நிர்வாக அதிகாரி நேரில் வந்து சொன்னார். திட்டம் தன் இலக்கை எட்டிவிட்டதால் இனி ஆள் தேவையில்லையாம். இலக்கை எட்டியதற்கு வாழ்த்தும் சொன்னார். அம்சவேணி சேஷனின் அறைக்கு ஓடினாள். டைரக்டர் சாப் விழாவுக்கான உரையில் மும்முரமாக இருக்கிறார் என்று உதவியாளர் தடுத்துவிட்டார்.

மறுநாள் புல்வெளியில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மேடையில் கண்ணாடிக் கூண்டு. அதற்குப் பக்கத்தில், பளபளவென்று துலக்கிய பித்தளைத் தொட்டியில் ஒரு நாயுருவிச் செடி. அதற்கும் மாலை. வருடக்கணக்காக அதைப் பிடுங்கிப்போட்ட கான்டிராக்டர்தான் தொட்டியைத் தாங்கிக்கொண்டு வந்து வைத்தார். அந்தத் தொட்டியை வழங்கிய ஒப்பந்தமும் அவருக்கே.

டைரக்டர் சேஷன் கழுத்து மூடிய கோட்டோடு ஒலிபெருக்கி முன் வந்தார். "நண்பர்களே, இத்தனை காலம் நமது திரிலோகியா தனிமையில் வாடியது. இன்று அந்தத் தனிமை முடிந்தது. நிறுவனத்தின் இடைவிடாத உழைப்பால் ஒரு மகத்தான உண்மை வெளிப்பட்டிருக்கிறது. நாயுருவி, தண்டுக்கீரை, கோழிக்கொண்டை, நீங்கள் தினமும் பனீரோடு சாப்பிடும் பாலக், இவை அனைத்தும் திரிலோகியாவின் வழித்தோன்றல்கள். உலகத்தின் கீரைகளுக்கெல்லாம் மூதாதை இந்த வளாகத்தில் இருக்கிறது. திரிலோகியா கீரைக் குடும்பத்தில் சேரவில்லை. கீரைகள் திரிலோகியா குடும்பத்தில் சேருகின்றன. நாயுருவி இன்றுமுதல் களை அல்ல, நம் வீட்டுப் பிள்ளை."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. முன்வரிசையில் இருந்த மேலதிகாரி ஒருவர், இனிமேல் பாலக் விலையில் நிறுவனத்துக்கு உரிமைத்தொகை கேட்கலாமா என்று விசாரித்தார். கேட்கலாம் என்று சட்ட ஆலோசகர் ஒரு துணைக்குழுவுக்குப் பரிந்துரைத்தார்.

அம்சவேணி ஷாமியானாவின் ஓரத்தில், பெரிய பலகையில் ஒட்டியிருந்த வம்சமரத்தின் முன்னால் நின்றாள். அவளுடைய மரம்தான். அவள் தேர்ந்த அதே நிறங்கள், அதே கிளைகள். மேலே ஆய்வாளர் என்று சேஷனின் பெயர் மட்டும் இருந்தது. அடியில் பொடி எழுத்தில், மாதிரிகளைக் கழுவ உதவியவர்களுக்கு நன்றி என்று போட்டிருந்தது.

அதைவிட அவளுக்கு உறைத்தது வேறொன்று. மரத்தில் காகிதப்பூ இல்லை. வெளியாளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். வெளியாள் போனதும் வேர் எங்கே என்று காட்ட ஆளில்லை. வேரைத் தூக்கிக்கொண்டுபோய்த் திரிலோகியாவின் காலடியில் வைத்துவிட்டார்கள். நேற்றுப் பிறந்தது மூதாதையாகிவிட்டது. ஒரு மரபணுவைக்கூட மாற்றவில்லை, ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. அவள் சேர்த்த அத்தனை உண்மையையும் அப்படியே வைத்துக்கொண்டு பொய் சொல்லியிருந்தார்கள். இப்படிச் செய்ய வேண்டுமென்றால் விஷயம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். கோஸ்லாவுக்கு இது வராது. அந்த நிறுவனத்திலேயே இது தெரிந்தவர் ஒருவர்தான்.

"அம்சா, இங்க வாம்மா."

சேஷன் அவள் பின்னால் நின்றிருந்தார். பித்தளைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டதில் அவருடைய கால்சட்டை முழங்கால்வரை நாயுருவி முள். குனிய முயன்றார். வயிறும் கோட்டும் விடவில்லை. "அமைச்சகத்துக்காரா கூட சாப்பிட உக்காரணும். இதைக் கொஞ்சம் எடுத்து விடேன். ஜல்தி," என்றார்.

பழக்கதோஷம். அம்சவேணி குனிந்துவிட்டாள். இத்தனை வருடமாக அவர் சொன்னதைச் செய்த கை, அவளைக் கேட்காமலே ஒவ்வொரு முள்ளாக எடுக்க ஆரம்பித்தது. உஷாராணியின் கைச் சாப்பாடும், கைக்குட்டையில் வந்த இலைகளும், அந்தத் தழுதழுத்த குரலும் நினைவுக்கு வந்தன. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். குனிந்தபடியே கேட்டாள்.

"காகிதப்பூவை ஏன் சார் எடுத்தீங்க?"

சேஷன் கோட்டுப் பித்தானைச் சரிசெய்துகொண்டார்.

"வெளியாள் இல்லாட்டி வேர் எங்கன்னு யாருக்கும் தெரியாதுல்ல சார். நீங்கதான சொல்லிக் கொடுத்தீங்க."

சேஷன் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, அந்தப் பழைய பிரியத்தோடுதான் சொன்னார். "தெரியும்மா. அதனாலதான் எடுத்தேன்."

அம்சவேணியின் கை நின்றது. அவர் எடுத்தது எந்த வெளியாளை, காகிதப்பூவையா தன்னையா என்று அவள் கேட்கவில்லை. அதுவரை எடுத்த முட்கள் இடது உள்ளங்கையில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக, எடுத்த இடத்திலேயே, அவருடைய கால்சட்டையில் திரும்ப ஒட்டவைத்தாள். அவர் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார். அதற்குள் எல்லாம் ஒட்டியாகிவிட்டது.

"இருக்கட்டும் சார். வீட்டுப் பிள்ளைங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வாசலில் பிரஷ்ஷோடு நின்ற ஆள் அவளைச் சோதிக்கவில்லை; நேற்றோடு அந்த வேலையை ரத்து செய்துவிட்டார்களாம். வெளியே சுவர் நெடுகக் காகிதப்பூ பூத்துக் கிடந்தது. அம்சவேணி அதன் கீழே நின்று அப்பாவுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.